ஒரே அறை, ஒரே பிரிவு, ஒரே பதவி: அவனிடம் சொல்ல வேண்டுமா?

மூன்றாம்மாடி | செவ்வாய், இரவு 11.50

திட்டுவதானால் திட்டுங்கள். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், அதாவது ஆண்கள் வாடகைக்குத் தங்கும் விடுதி. மூன்றாம் மாடி, இரண்டு இரும்புக் கட்டில், ஒரே ஒரு மேசை. காலையில் மேசை எனக்கு, இரவில் அவனுக்கு. நான் தருமபுரிப் பக்கம், அவன் கள்ளக்குறிச்சிப் பக்கம். இரண்டரை ஆண்டுகளாக ஒரே அறை. துணை ஆட்சியர் போன்ற பதவிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 1 தேர்வு ஒன்றுக்காகத்தான் இருவரும் சென்னைக்கு வந்தோம்.

பாடங்களையும் பாகம் பிரித்துக்கொண்டோம். அரசியலமைப்பு, பொருளாதாரம், புவியியல் என் பங்கு. வரலாறு, அறிவியல், தமிழ்நாட்டு நிர்வாகம் அவன் பங்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளிப் பாடப் புத்தகங்களை வரிவரியாகப் படித்து, அவரவர் பங்குக்கு நோட்டு எழுதுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்துவிட்டு வந்து நோட்டுகளை மாற்றிக்கொள்வோம். அட்டையில் பாடத்தின் பெயர் மட்டும் இருக்கும். எங்கள் பெயரை எழுதியதே இல்லை, எழுத வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் போய் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிக்கும் பகுதியில் உட்காருவோம். முன்னால் போகிறவன் மற்றவனுக்கும் ஒரு நாற்காலியில் பையை வைத்திருப்பான்.

முதனிலைத் தேர்வில் இருவரும் தேறிவிட்டோம். முதன்மைத் தேர்வுக்குச் சான்றிதழ்களைப் பதிவேற்ற வெள்ளிக்கிழமை மாலை கடைசி. இருவரும் எம்.பி.சி., அதாவது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான இட ஒதுக்கீட்டையும் விண்ணப்பத்தில் இருவரும் கேட்டிருக்கிறோம்.

ஞாயிறு இரவு அவன் தன் கோப்பைப் பிரித்துக் கட்டிலில் பரப்பினான். பத்தாம் வகுப்புக்குத் தமிழ் வழிச் சான்றிதழ் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்புக்கு இருக்கிறது, பட்டப்படிப்புக்கும் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்ததற்கு எதுவும் இல்லை. அவனுடைய பெரியப்பா மகன் 2018இல் பட்டப்படிப்புச் சான்றிதழ் ஒன்றை மட்டும் காட்டி வேலைக்குச் சேர்ந்தவர். இவனும் அவர் சொன்னதை நம்பி, அதற்கு மேல் இரண்டு சேர்த்து வைத்திருக்கிறான். இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்து, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். போன மாதமே ஊருக்குப் போய் வாங்கி வந்துவிட்டேன்.

"எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டான்.

"இருக்கிறது" என்றேன்.

இரண்டு நாள் ஆகிவிட்டது. அவன் எதிர்க்கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறான். நான் போர்வைக்குள் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

கல்லுளிமங்கன் | புதன், காலை 6.05

சொல்ல வேண்டிய கடமை உனக்கு இல்லை. அறிவிக்கையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்கிறார்கள். துணை ஆட்சியர் ஆகப் போகிறவன் அறிவிக்கையைப் படிக்காமல் பெரியப்பா மகன் பேச்சைக் கேட்டால் அது அவன் குறை. நாளைக்கு அரசாணையையும் இப்படித்தான் காதால் கேட்டு நிறைவேற்றுவானா? பந்தியில் பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பதெல்லாம் கல்யாண வீட்டோடு சரி.

நெல்லிக்காய் | புதன், காலை 6.40

கல்லுளிமங்கன் அண்ணா, அவர் கடமையைப் பற்றிப் பேசவில்லை. "எல்லாம் சரியா" என்று அவன் கேட்டான், "சரி" என்று இவர் சொன்னார். சும்மா இருந்திருந்தால் உங்கள் வாதம் நிற்கும். அவர் சும்மா இருக்கவில்லை, பொய் சொல்லியிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 7.30

நீதி நியாயத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் கணக்கு. நீங்கள் மறைத்ததால் உங்களுக்கு என்ன லாபம் என்று பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு 2024 அறிவிக்கை. மொத்தம் 90 இடங்கள். எம்.பி.சி. 20 விழுக்காடு, அதாவது 18. அதில் தமிழ் வழிக்கு 20 விழுக்காடு என்றால் 3.6. பெண்களுக்கு 30 விழுக்காடு போனால் உங்களைப் போன்ற ஆண்களுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. இதுவும் எல்லாப் பதவிகளையும் ஒன்றாகக் கூட்டிப் போட்ட கணக்கு. உண்மையில் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாக இனச்சுழற்சி ஓடும், அதாவது எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகச் சுழன்று வரும். துணை ஆட்சியர் 16 இடம். எம்.பி.சி.க்கு மூன்று, அதில் தமிழ் வழிக்கு முக்கால் இடம்கூட வரவில்லை. சுழற்சிப் புள்ளி அந்த ஆண்டு எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்தது.

இதைப் படித்தவுடன் "பார்த்தீர்களா, ஒரே நாற்காலிக்குத்தான் இருவரும் நிற்கிறோம்" என்று உங்கள் மனம் துள்ளும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் நிரப்புவது 31 விழுக்காடு பொதுப்பிரிவை. அதில் சாதி பார்ப்பதில்லை, மதிப்பெண் வரிசைதான். அவன் நன்றாக எழுதினால் பொதுப்பிரிவிலேயே போய்விடுவான், உங்கள் நாற்காலியைத் தொடமாட்டான். சுமாராக எழுதினால் சான்றிதழ் இருந்தாலும் வரமாட்டான். இந்தச் சான்றிதழால் அவன் உங்களை இடிப்பது ஒரே ஒரு நிலையில்தான்: இருவருமே கட்-ஆஃப் விளிம்பில், உங்களை விட அவன் அரை மதிப்பெண் கூடுதலாக நிற்க வேண்டும். ஓர் இடத்துக்கு 20 பேர் என்ற கணக்கில் முதன்மைத் தேர்வு எழுதப்போவது ஏறக்குறைய 1,800 பேர். அந்த 1,800 பேரில் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற முகம் ஒன்றுதான். அதனால் ஒட்டுமொத்தப் பயமும் அந்த எதிர்க்கட்டிலில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மதுரைக்காரன் ஒருவன், நாகர்கோவில்காரி ஒருத்தி, உங்களுக்கு முகமே தெரியாத பத்துப் பேர் அதே விளிம்பில் நிற்பார்கள். அவர்களுடைய கோப்பை எப்படி மறைப்பீர்கள்?

மூன்றாம்மாடி | புதன், காலை 8.15

கணக்குப்பிள்ளை ஐயா, பொதுப்பிரிவுக் கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு அது நினைவுக்கு வரவில்லை. "ஒருவன் குறைந்தான்" என்பது மட்டும்தான் தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் "இருக்கிறது" என்று சொல்லிவிட்டது.

பழையபஞ்சாங்கம் | புதன், காலை 9.00

நான் வேலையில் இருப்பவன், ஆகவே துறையைச் சொல்லமாட்டேன். நானும் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறு ஆண்டு குப்பை கொட்டியவன்தான். எங்கள் காலத்தில் ஒரு மாடிக்கு ஒரே குழாய். சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் நாளில் கூச்சலில் ஒரு வரி ஏறாது.

தம்பிக்கு ஒரு விவரம் சொல்கிறேன். 2010 சட்டத்தில் இந்த 20 விழுக்காடு வந்தபோது பட்டப்படிப்பைத் தமிழில் படித்திருந்தால் போதும் என்ற நிலை. பள்ளி முழுதும் ஆங்கில வழியில் படித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் தமிழில் வாங்கியவர்கள் உள்ளே வந்தார்கள். 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. உன் நண்பனின் பெரியப்பா மகன் பொய் சொல்லவில்லை. அவர் காலத்து விதி அது. இப்படிப் பழைய விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிறார்கள். கல்லுளிமங்கன் சொல்வதுபோல் அறிவிக்கையைப் படிக்காத சோம்பேறி என்று அவனைத் தள்ளிவிட முடியாது.

இன்று சொன்னால் இரவு பஸ் பிடித்து, நாளை பள்ளியில் வாங்கி, வெள்ளிக்கிழமை பதிவேற்றலாம். நாளைக்குச் சொன்னால் நீ சொல்லாததற்குச் சமம்.

கல்லுளிமங்கன் | புதன், காலை 9.20

எல்லோரும் உத்தமர்கள்தான். உங்களில் எத்தனை பேர் பயிற்சி மையத்தில் எழுதும் டெஸ்ட் பேட்ச் மாதிரித் தேர்வின் வினாத்தாளை அடுத்தவனுக்குக் கொடுத்தீர்கள்? கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள்.

துணிக்கொடி | புதன், காலை 10.10

கொடுக்காதவள் நான். சொல்லிவிடுகிறேன்.

அண்ணா நகரில் பெண்கள் விடுதி, ஓர் அறையில் நான்கு கட்டில். நானும் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளும் குரூப் 2ஏ எழுதினோம். நான் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி வாரத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். அவளிடம் அதற்குப் பணமில்லை. வினாத்தாளைக் கேட்டாள். "அங்கேயே வாங்கிக்கொள்கிறார்கள்" என்றேன். வாங்குவதில்லை, என் தலையணை உறைக்குள் இருந்தது. ஒரு நாள் துவைக்கக் கொடியில் போட்டபோது அந்த உறையிலிருந்து நான்கு தாள்கள் விழுந்தன. அவள்தான் பொறுக்கி மடித்து என் கட்டிலில் வைத்தாள்.

அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என்னிடம் எதையும் கேட்கவில்லை. உப்புகூட.

இருவருக்கும் உதவியாளர் வேலை கிடைத்தது, வேறு வேறு துறை. அடிப்படைப் பயிற்சிக்குப் பவானிசாகர் போனால் எனக்கும் அவளுக்கும் ஒரே அறையை ஒதுக்கியிருக்கிறார்கள்! சிரிக்காதீர்கள். அந்தப் பயிற்சி முழுதும் "குட் மார்னிங்", "விளக்கை அணைக்கட்டுமா" என்ற இரண்டே வாக்கியத்தில் ஓடியது. அந்த நான்கு தாள்களிலிருந்து தேர்வில் ஒரு கேள்விகூட வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நெல்லிக்காய் | புதன், காலை 10.25

உப்புகூட!

ஏரிக்கரை | புதன், மதியம் 1.30

ஒரே கேள்வி. முதனிலைத் தேர்வில் 200 கேள்வி. அதில் வரலாறும் அறிவியலும் தமிழ்நாட்டு நிர்வாகமும் எத்தனை? உங்கள் மதிப்பெண்ணில் பாதிக்குக் கிட்ட அவன் கையெழுத்தில் படித்தது. அவனை வெளியே தள்ளினால் முதன்மைத் தேர்வுக்கு அந்த நோட்டை எப்படிப் பிரிப்பீர்கள்?

இன்னொரு பக்கமும் சொல்கிறேன், உங்களுக்காகத்தான். 28, 30 வயதில் ஊரிலிருந்து மாதாமாதம் அப்பா பணம் அனுப்பி, அந்தப் பணத்தில் மெஸ் டோக்கன் வாங்கிச் சாப்பிடுகிறவனுக்கு ஞாயிறு இரவு அப்படி ஒரு எண்ணம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் பிரிவுக்கு 39 வயது வரை எழுதலாம் என்று விதி இருக்கிறது. அது சலுகைதான். ஆனால் அதுவே பலருக்குப் பத்து ஆண்டு மேன்ஷன் வாடகையாகவும் ஆகிவிடுகிறது. எண்ணம் வந்ததற்காக உங்களை யாரும் கழுவில் ஏற்ற வேண்டாம். இப்போது மணி ஒன்றரை. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய்ச் சேரவே அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மூன்றாம்மாடி | புதன், மாலை 5.45

சொல்லிவிட்டேன்.

நூலகத்தின் வெளியே டீக்கடையில் வைத்துச் சொன்னேன். அறையில் சொல்லத் தைரியம் வரவில்லை. அவன் முகம் வெளிறிப்போனது. உடனே கைப்பேசியில் அறிவிக்கையைத் திறந்து அந்தப் பத்தியைப் படித்தான். இரண்டு முறை படித்தான். பிறகு கேட்டான், "உனக்கு எப்போது தெரியும்?"

"இன்றைக்குத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், மறுபடியும் பொய்தான். இந்த இழையில் அதற்கும் திட்டு வாங்கத் தயாராக இருக்கிறேன். அதற்கு முன் அவசரமாக ஓர் உதவி. அவன் ஆறாம் வகுப்பு முதல் படித்தது அரசு மேல்நிலைப் பள்ளி, அது இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை படித்த தொடக்கப் பள்ளி பிள்ளைகள் குறைந்து மூடப்பட்டுவிட்டதாம். மூடிய பள்ளிக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது? அவன் துணியை மடித்துக்கொண்டிருக்கிறான். எட்டு மணிக்குக் கிளம்புகிறான்.

பழையபஞ்சாங்கம் | புதன், மாலை 6.00

வட்டாரக் கல்வி அலுவலகம் போகச் சொல். எங்கள் ஒன்றியத்தில் மூடிய பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு அங்கேதான் போயிருந்தது. அங்கே இல்லையென்றால் எந்தப் பள்ளிக்கு மாற்றினார்கள் என்று எழுத்தர் சொல்லுவார். காலை பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும். ஆய்வுக்குக் கிளம்பிவிட்டால் அலுவலரை மாலைக்கு மேல்தான் பிடிக்க முடியும்.

ஆணையத்தின் மாதிரிப் படிவத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு போகச் சொல், நான்கு பிரதி. தானாக ஒரு வாசகத்தை எழுதித் தருகிற தலைமையாசிரியர்கள் உண்டு. பிறகு அது செல்லாது என்று திரும்பி வரும். "ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை" என்று ஆண்டு விடுபடாமல் இருக்க வேண்டும். முத்திரையில் பெயர் தெளிவாக விழ வேண்டும்.

துணிக்கொடி | புதன், மாலை 6.10

மாற்றுச் சான்றிதழ் நகலும், பழைய மதிப்பெண் அட்டை ஏதாவது அம்மா பெட்டியில் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயரில் தலைப்பெழுத்து மாறியிருந்தால் அதற்கே அரை நாள் போய்விடும்.

கல்லுளிமங்கன் | புதன், மாலை 6.20

பூர்த்தி செய்த சான்றிதழ் ஒன்று மாதிரிக்குக் கையில் இருந்தால் எழுத்தருக்கு வேலை எளிது. காலிப் படிவத்தைக் காட்டினால் பத்துச் சந்தேகம் கேட்பார்கள். உன்னுடையதைப் படம் எடுத்துக் கொடு.

என்ன பார்க்கிறீர்கள்? கடமை இல்லை என்றுதான் சொன்னேன், சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையே.

மூன்றாம்மாடி | புதன், இரவு 8.30

அப்படியே செய்தேன். என் ஒன்றாம் வகுப்புச் சான்றிதழை மேசையில் வைத்தேன், அவனே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். எழும்பூர் வரை கூடவே போய் மின்சார ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். அனைவருக்கும் நன்றி. கல்லுளிமங்கன் அண்ணாவுக்கும்.

மூன்றாம்மாடி | வெள்ளி, இரவு 10.20

முடிந்தது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதிவேடு இருந்ததாம். அட்டையில்லாமல், நூலால் கட்டி, 90களின் கட்டுகளோடு. எழுத்தர் அம்மா ஒருவர் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தேடிக் கொடுத்தாராம். மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் வீட்டுக்கே போய் இரவு ஏழு மணிக்கு வாசலில் நின்று கையெழுத்து வாங்கியிருக்கிறான். இன்று காலை பத்தரைக்கு அறைக்கு வந்தான். பதினொன்றரைக்குள் பதிவேற்றிவிட்டோம். ஒரு கோப்பின் அளவு கூடுதலாக இருந்ததால் இரண்டு முறை திருப்பி அனுப்பியது, அதைச் சுருக்கிக் கொடுத்தது நான்.

இனி எனக்குத் தூக்கம் வராத சங்கதி.

அவன் கிளம்பிப் போன பிறகு, என் சான்றிதழை உறையில் போடும்போதுதான் கவனித்தேன். தலைமையாசிரியர் கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டிருக்கிறார். போன மாதத் தேதி. "இன்றைக்குத்தான் பார்த்தேன்" என்று நான் சொன்னதற்கு முப்பத்து மூன்று நாள் முந்தைய தேதி. அதைத்தான் அவன் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஐந்து மணி நேரப் பயணம். எழுத்தருக்குக் காட்டியிருப்பான், தலைமையாசிரியருக்குக் காட்டியிருப்பான். பெரிதாக்கிப் பெரிதாக்கி வரிவரியாக அதைப் பார்த்துத்தான் படிவத்தை நிரப்பியிருப்பான்.

வந்தவன் ஒன்றும் கேட்கவில்லை. ஊரிலிருந்து அவன் அம்மா கொடுத்த முறுக்கை எப்போதும்போல் மேசை நடுவில் வைத்தான்.

ஏரிக்கரை | வெள்ளி, இரவு 10.40

பார்க்காமல் இருந்திருக்கலாம். அவசரத்தில் இருப்பவன் தேதியையா பார்ப்பான்?

துணிக்கொடி | வெள்ளி, இரவு 10.45

பார்த்திருப்பார்.

பழையபஞ்சாங்கம் | சனி, காலை 6.30

நீயே சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று பட்டியல் போடாதே. "அன்றைக்குத் தெரியும், சொல்லவில்லை" என்று மூன்று சொல்லில் முடி. இதற்கு மேல் முதன்மைத் தேர்வில் மூன்று தாள், 750 மதிப்பெண். கட்டாயத் தமிழ்த் தாள் தனி. நேர்முகத்துக்கு 100. இத்தனையையும் இந்தக் கல்லை வயிற்றில் கட்டிக்கொண்டு எழுத முடியாது.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 7.10

இதற்குக் கணக்கு வராது. சொல்லிவிடுங்கள்.

நெல்லிக்காய் | ஞாயிறு, மதியம் 12.15

இன்று நோட்டு மாற்றும் நாள் அல்லவா? என்ன ஆயிற்று?

மூன்றாம்மாடி | ஞாயிறு, மதியம் 2.40

நேற்று இரவு சொன்னேன். பழையபஞ்சாங்கம் ஐயா சொன்ன அதே மூன்று சொல். அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு, "தெரியும். ரயிலிலேயே பார்த்தேன்" என்றான். பிறகு, "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், சொன்னாயே" என்றான். அது நன்றியா குத்தலா என்று எனக்குப் புரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.

இன்று காலை டீ குடிக்கப் போனோம். அவன்தான் காசு கொடுத்தான். திரும்பி வந்து நோட்டை எடுத்து என் கட்டிலில் வைத்தான். தமிழ்நாட்டு நிர்வாகம், 64 பக்கம், எப்போதும்போல் சிவப்பு மையில் அடிக்கோடு. எதையும் விடவில்லை, குறைக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டேன்.

அட்டையில் பாடத்தின் பெயருக்குக் கீழே அவன் பெயரை எழுதியிருக்கிறான்.